ஹார்மோனைக் குலைக்கும் வேதிப்பொருட்கள் ஆண் பறவைகளின் கருவூட்டும் திறனைக் கெடுக்கின்றனவா?

காடை வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய பண்ணை வயல்வெளிக்கு நடுவே இருக்கிறது. சுற்றிலும் பருவந்தோறும் மருந்தடிக்கிறார்கள். அடைக்கு வைக்கும் முட்டைகளில் கணிசமானவை கூமுட்டைகளாகப் போகின்றன. பூச்சிக்கொல்லிகளும் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருட்களும் ஆண் பறவைகளை மலடாக்குகின்றன என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். அது எந்த அளவுக்கு உண்மை, சிட்டுக்குருவிகள் குறைந்ததற்கும் அதுதான் காரணமா என்று அறிய விரும்புகிறார்.

அடிப்படையில் அது உண்மை. ஆனால் "விந்தணுக்களின் எண்ணிக்கை குறைகிறது" என்ற ஒற்றை வரிக்குள் அந்த உண்மை அடங்காது. ஆண் பறவைக்கு நேரும் கேட்டின் பெரும்பகுதி அது முட்டையை விட்டு வெளிவருவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. வெளியே தெரியும்போது விந்தணுவில் தெரிவதைவிட முன்னதாக, பறவையின் நடத்தையில் தெரிகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்துள்ள ஆய்வு முடிவுகளைக் குழப்பமின்றிப் புரிந்துகொள்ளலாம்.

ஹார்மோன்களைப் பற்றிய அறிவியல் தொடங்கியதே ஒரு சேவலின் கொண்டையில்தான். 1849ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்தோல்ட் என்பவர் இளஞ்சேவல்களின் விந்தகங்களை அகற்றிப் பார்த்தார். கொண்டையும் தாடியும் சுருங்கின, கூவுதல் நின்றது, பெட்டைகளின் மேல் நாட்டம் போயிற்று. விந்தகத்தை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் ஒட்டவைத்தபோது, நரம்புத் தொடர்பு அறுந்திருந்தபோதிலும், கொண்டை மறுபடி வளர்ந்தது, சேவல் மறுபடி கூவியது. விந்தகம் இரத்தத்தின் வழியாக ஏதோ ஒன்றை அனுப்புகிறது என்பது அதிலிருந்து விளங்கியது. சரியாக நூற்றோராண்டு கழித்து, 1950இல், அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பர்லிங்டன், லிண்டேமன் என்ற இருவர் வெள்ளை லெகார்ன் சேவல் குஞ்சுகளுக்கு நாள்தோறும் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியை ஊசி வழியாகச் செலுத்தி இரண்டு மூன்று மாதங்கள் வளர்த்தார்கள். குஞ்சுகள் சாகவில்லை, பார்வைக்கு நோயுற்றவையாகவும் இல்லை. ஆனால் கொண்டையும் தாடியும் பெட்டைக்கோழிக்கு இருப்பதைப் போலச் சிறுத்தே இருந்தன. அறுத்துப் பார்த்தபோது விந்தகங்கள் இயல்பான அளவில் 18 விழுக்காடு மட்டுமே வளர்ந்திருந்தன. டி.டி.டி. மூலக்கூறின் வடிவம் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் செயற்கை வடிவமான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலை ஒத்திருப்பதை அவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். உலகமே டி.டி.டி.யைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆய்வு உரிய கவனத்தைப் பெறாமலே கிடந்தது. ஒரு பொருள் உயிரைக் கொல்லாமலே அதன் வம்சத்தை நிறுத்த முடியும் என்பதற்கு அவ்வளவு தெளிவான சான்று கைக்கு வந்த பிறகும் கால் நூற்றாண்டு வீணானது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இந்த வகைப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில, ஈஸ்ட்ரோஜனைப் போல நடித்து அதற்குரிய ஏற்பிகளில், அதாவது செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களில், போய் அமர்கின்றன, வணிக டி.டி.டி.யில் ஏறத்தாழ 15 விழுக்காடு இருக்கும் ஆர்த்தோ-பாரா வகை அப்படிப்பட்டது என்பதைக் கோழியின் முட்டைக்குழாயிலும் எலியின் கருப்பையிலும் 1968இல் நிறுவினார்கள். சில, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அமர வேண்டிய ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன, டி.டி.டி. சிதைந்து உருவாகும் டி.டி.ஈ. இதில் வலிமையானது என்று 1995இல் தெரிந்தது. வேறு சில ஹார்மோன்களை உருவாக்கும் நொதிகளையோ தைராய்டையோ மூளையின் கட்டளைச் சங்கிலியையோ கெடுக்கின்றன. ஒரே பொருள் இவற்றில் இரண்டு மூன்று வேலைகளை ஒருசேரச் செய்வதும் உண்டு.

இனி பறவையின் உடலுக்கு வருவோம். ஆண் பறவையின் விந்தகங்கள் உடலுக்குள்ளே, சிறுநீரகத்தை ஒட்டி, ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இயங்குகின்றன. காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவை ஆண்டில் பல மாதங்கள் ஒரு சிறு புள்ளியளவுக்கு ஒடுங்கியிருந்து, இனப்பெருக்கக் காலத்தில் சில நூறு மடங்குகூடப் பெருக்கின்றன. பகல் நீளும்போது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது; பிட்யூட்டரி விந்தகத்தைத் தூண்டுகிறது; சில வாரங்களில் அந்த வளர்ச்சி முடிகிறது. இந்தச் சங்கிலிக்கு ஒரு தடைக்கட்டையும் உண்டு. தடைக்கட்டையாகச் செயல்படும் அந்த ஹார்மோனை ஜப்பானின் கசுயோஷி சுட்சுயி குழுவினர் 2000ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டெடுத்தது காடையின் மூளையில்தான். ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஓர் உறுப்பைக் கட்டி எழுப்ப வேண்டியிருப்பதால், சரியான நேரத்தில் சிறிது குழப்பம் நேர்ந்தாலும் அந்தப் பருவமே தவறிப்போகக்கூடும். பாலூட்டிகளிலிருந்து பறவைகள் வேறுபடுவதை இங்கே கவனிக்க வேண்டும். எலியில் கிடைத்த முடிவுகளை அப்படியே பறவைக்குப் பொருத்த முடியாது.

அதைவிடப் பெரிய வேறுபாடு பால் தீர்மானிக்கப்படும் முறையில் இருக்கிறது. பாலூட்டிகளில் ஹார்மோன் எதுவும் வராவிட்டால் உடல் பெண்ணாக வளரும்; ஆணாக்குவதற்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். பறவைகளில் இது தலைகீழ். இரண்டு இசட் குரோமோசோம்கள் உள்ளது ஆண்; ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளது பெண். பெண் வளர்கருவின் இனப்பெருக்க உறுப்பு தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து தன்னைச் சூலகமாக்கிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது உறுப்புகளும் நடத்தையும் ஆண் தன்மையோடு வளர்கின்றன. ஆகவே ஆண் பறவை ஆணாக வளர்வதற்கு, முட்டைக்குள் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதே தேவையாகிறது. அந்த வெறுமையை ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் ஒரு பொருள் நிரப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. பெண் பறவைகளில் பொதுவாக இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்கிறது. ஆணின் இடப்பக்க உறுப்பிலும் சூலகமாகக்கூடிய புறணி, அதாவது வெளியடுக்கு, ஆரம்பத்தில் இருக்கிறது. எனவே பாதிப்பு முதலில் இடது விந்தகத்தில் தெரியும்.

அந்தப் பொருள் முட்டைக்குள் எப்படிப் போகிறது? தாயின் உடலிலிருந்துதான். டி.டி.ஈ., தொழிற்சாலை வேதிப்பொருளான பி.சி.பி. போன்றவை கொழுப்பில் கரைபவை. பெட்டை பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ தின்ற மீனிலிருந்தும் புழுவிலிருந்தும் அவை அதன் கொழுப்பில் சேர்கின்றன. மஞ்சள் கரு உருவாகும் சில நாட்களில் அந்தக் கொழுப்போடு முட்டைக்குள் இறங்குகின்றன. சேவலின் மலட்டுத்தன்மைக்கான காரணத்தைத் தேடுகிறவர் அந்தச் சேவலின் தாய் தின்ற தீனியிலிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கலிபோர்னியாவின் தென்கரையில் இது வெட்டவெளியில் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே டோரன்ஸில் இருந்த மான்ட்ரோஸ் நிறுவனத்தின் ஆலை டி.டி.டி. தயாரித்தது, அதன் கழிவு சாக்கடைக் குழாய்கள் வழியாக பாலோஸ் வெர்டெஸ் கடலடித் திட்டில் கொட்டியது. 1950களின் பிற்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை அப்படிப் போன டி.டி.டி. ஏறத்தாழ 1,700 டன் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. அதே கடற்பரப்பிலுள்ள சான்டா பார்பரா தீவில் கூடுகட்டிய கடற்காகங்களில் ஒரு விந்தையை ஜார்ஜ் ஹன்ட், மாலி ஹன்ட் இருவரும் 1977இல் வெளியிட்டார்கள். வழக்கமாக மூன்று முட்டைகள் இருக்க வேண்டிய கூடுகளில் சிலவற்றில் நான்கும் ஐந்தும் இருந்தன. பிடித்துச் சோதித்தால் அந்தக் கூடுகளில் இணை சேர்ந்திருந்தவை இரண்டுமே பெட்டைகள். ஆண்கள் போதாமல் பெட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூடு கட்டியிருந்தன. ஆண்கள் எங்கே போயின என்ற கேள்விக்கு மைக்கேல் ஃப்ரை, குனி டூன் இருவரும் 1981இல் ஒரு விடையை முன்வைத்தார்கள். அக்காலத்துக் கடற்பறவை முட்டைகளில் காணப்பட்ட அளவுக்கு ஒத்த அளவில் டி.டி.டி.யைத் தூய முட்டைகளுக்குள் செலுத்தினார்கள். பொரிக்கும் தறுவாயில் இருந்த ஆண் குஞ்சுகளின் இடது விந்தகத்தில் சூலகத் திசு இருந்தது. ஆணுக்கு இருக்கக் கூடாத முட்டைக்குழாயும் வளர்ந்திருந்தது. அப்படிப் பிறந்த ஆண்கள் பிற்காலத்தில் இனப்பெருக்கக் கூட்டத்துக்கே திரும்பி வராமல் ஒதுங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆண்கள் அதிக அளவில் இறந்திருக்கலாம் என்ற மாற்று விளக்கமும் உண்டு. தனிப்பட்ட ஒரு பறவையை முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை பின்தொடர்ந்து அங்கே யாரும் காட்டவில்லை. ஆனால் முட்டைக்குள் நிகழும் உறுப்பு மாற்றம் ஐயத்துக்கு இடமில்லாதது.

டி.டி.டி. என்றதும் எல்லோர்க்கும் நினைவுக்கு வருவது மெலிந்த முட்டை ஓடுதான். டி.டி.ஈ. பெட்டையின் ஓடு சுரக்கும் பகுதியில் கால்சியம் சேர்வதைத் தடுத்ததால் வல்லூறுகளும் கழுகுகளும் கூழைக்கடாக்களும் அடைகாக்கும்போதே தம் முட்டைகளை நொறுக்கின. அந்தக் காட்சி கண்ணுக்குத் தெரிந்தது. அளக்க எளிதாக இருந்தது. அதன் நிழலில் ஆணுக்கு நேர்ந்தது மறைந்துபோனது. அடைகாக்கும் முட்டை நொறுங்கிய கூட்டில், அந்த முட்டை கருவுற்றிருந்ததா என்று யார் கேட்பார்?

நடத்தைக்கு வருவோம். ஜப்பானியக் காடை, அதாவது நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் அதே இனம், இந்த ஆய்வுகளின் முதுகெலும்பு. ஆறேழு வாரங்களில் முதிர்ந்துவிடுகிறது. முட்டை 17 நாட்களில் பொரிகிறது. ஆணின் கழிவாய்க்கு மேலே சிவந்து புடைத்த ஒரு சுரப்பி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனுக்குக் கட்டுப்பட்டது. விரலால் மெல்ல அழுத்தினால் வெண்ணுரை வெளிவரும். இரத்தம் எடுக்காமலே, ஓர் அளவுகோலால் அந்தச் சுரப்பியின் நீள அகலத்தை அளந்து ஆணின் ஹார்மோன் நிலையை மதிப்பிடலாம். 1970களிலிருந்து எலிசபெத் அட்கின்ஸ்-ரீகன் நடத்திய சோதனைகள், அடைக்காலத்தின் 12ஆம் நாளுக்கு முன்னால் முட்டைக்குள் ஈஸ்ட்ரோஜன் போனால் அந்த ஆண் வளர்ந்த பிறகு பெட்டையைப் பிடிப்பதோ மிதிப்பதோ இல்லை என்று காட்டின. பிற்காலத்தில் எவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தாலும் அந்த நடத்தை திரும்பவில்லை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 1999இல் கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ராடையாலை முட்டைக்குள் செலுத்தி இதையே கண்டார்கள். அவர்கள் அளந்தவற்றுள் மிகக் குறைந்த அளவிலேயே பாதிப்பைக் காட்டியது ஆணின் புணர்ச்சி நடத்தைதான். இப்படிப்பட்ட ஆண் பெட்டையோடு சேராமலே நிற்கும். அதன் விந்தகத்தில் விந்தணு இருந்தும் முட்டை கருவுறாது. விந்துப் பரிசோதனை மட்டும் செய்கிறவர் அதை நலமான ஆண் என்று எழுதிவைத்துவிடுவார்.

இதில் நுட்பமான ஒன்று உண்டு. முதிர்ந்த ஆண் காடையின் மூளை, டெஸ்டோஸ்டிரோனைத் தானே ஈஸ்ட்ராடையாலாக மாற்றித்தான் புணர்ச்சி வேட்கையை உண்டாக்குகிறது. அந்த மாற்றத்தைத் தடுத்தால் வேட்கை குன்றும். அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கு நன்மையா தீமையா? எந்த நாளில், எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்தது விடை. முட்டைக்குள் பத்தாம் நாளில் ஆண் தன்மையை அழிக்கும் அதே ஹார்மோன் பத்தாம் வாரத்தில் அதை இயக்குகிறது. "இந்தப் பொருள் இத்தனை மில்லிகிராம் வரை பாதுகாப்பானது" என்று முதிர்ந்த பறவையை வைத்து வகுக்கும் விதிகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

நடத்தை குலைவதற்கு என் பார்வையில் மிக வலுவான சான்று ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பாதரசம் மீத்தைல் பாதரசமாக மாறி மீன்களிலும் நண்டு வகைகளிலும் சேர்ந்திருந்தது. அது நரம்பு நஞ்சாக மட்டுமன்றி ஹார்மோன் குலைப்பானாகவும் வேலை செய்கிறது. பீட்டர் ஃபிரடெரிக், நில்மினி ஜயசேன இருவரும் அமெரிக்க வெள்ளை அரிவாள்மூக்கன் குஞ்சுகளைப் பிடித்து, 160 பறவைகளைப் பெரிய வலைக்கூண்டில் நான்கு கூட்டமாகப் பிரித்து, மூன்று ஆண்டுகள் தீனியில் மீத்தைல் பாதரசம் கலந்து கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. மற்றவற்றுக்குத் தீனியில் பத்து லட்சத்துக்கு 0.05, 0.1, 0.3 பங்கு. இவை சதுப்பு நிலத்தில் பறவைகள் உண்மையில் தின்னக்கூடிய அளவுகளே. பாதரசம் தின்ற ஆண்கள் தலையை ஆட்டி, குனிந்து, பெட்டையை அழைக்கும் சடங்குகளைக் குறைவாகவே செய்தன. பெட்டைகள் அவற்றை நெருங்குவது குறைந்தது. அளவு கூடக் கூட ஆணோடு ஆண் இணைவது அதிகரித்து, உச்சத்தில் ஆண்களில் 55 விழுக்காட்டை எட்டியது. அந்த இணைகள் கூடு கட்டின. முட்டை இல்லாத கூட்டில் அமர்ந்து காத்தன. குஞ்சு உற்பத்தி 35 விழுக்காடு வரை சரிந்தது. ஒரு பறவையும் நோயுற்றதாகத் தோன்றவில்லை. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ராடையால் அளவுகளின் போக்கு மட்டும் மாறியிருந்தது. விலங்குகளில் ஓரினச் சேர்க்கை இயல்பாகவே பல இனங்களில் உள்ளது. 2010இன் இறுதியில் இந்த ஆய்வு வெளியானபோது சில செய்தித்தாள்கள் அதை மனிதரோடு முடிச்சுப்போட்டு எழுதியது பிழையானது. ஆய்வு சொன்னது பிறக்காமல் போன குஞ்சுகளின் கணக்கை.

இதற்கு நேர்மாறான ஒரு விளைவை பிரிட்டனில் கண்டார்கள். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வடிகட்டிப் படுகைகளில் மண்புழு பொறுக்கும். கற்கள் மேல் சாக்கடை நீர் சொட்டச் சொட்ட ஊறும் அந்தப் படுகைகளின் புழுக்களில் மனிதச் சிறுநீரிலிருந்து வந்த ஈஸ்ட்ராடையாலும், பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட்டுகளும் பிஸ்ஃபீனால்-ஏயும் இருந்தன. கார்டிஃபின் கேதரின் புக்கனன் குழுவினர் அதே அளவுகளைப் புழுவில் ஏற்றி ஆண் ஸ்டார்லிங்குகளுக்கு ஊட்டினார்கள். 2008இல் வெளியான முடிவின்படி அந்த ஆண்கள் முன்னைவிட அதிக நேரம், அதிகச் சிக்கலான பாடல்களைப் பாடின. பாட்டை ஆளும் மூளைப் பகுதி பெருத்திருந்தது. பெட்டைகள் அந்தப் பாட்டையே விரும்பின. ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தது. பெட்டைக்கு ஆணின் பாட்டு என்பது அதன் உடல்நலத்துக்கான சான்று. நஞ்சு தின்ற ஆண் அந்தச் சான்றைப் பொய்யாக்கிவிடுகிறது. கனடாவின் ஒகனகன் பள்ளத்தாக்குப் பழத்தோட்டங்களில் டி.டி.டி. ஊறிய மண்புழுக்களைத் தின்று வளர்ந்த அமெரிக்க ராபின்களிலோ பாட்டுக்கும் இணைசேர்தலுக்கும் உரிய மூளைப் பகுதிகள் சிறுத்திருந்தன. ஹார்மோன் குலைப்பு என்பது எப்போதும் குறைவு என்று பொருள்படாது.

முதிர்ந்த ஆணின் விந்தகம் நேரடியாகக் கெடுவதும் உண்டு. நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பனலதா மொகந்தி குழுவினர் செய்தது. வயலோரப் புற்களில் விதை பொறுக்கும் சிவப்புச் சில்லை என்னும் சின்னஞ்சிறு தினைக்குருவிக்கு, மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியையும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியையும் தனித்தனியாகவும் கலந்தும், சாகடிக்கும் அளவில் மிகச் சிறு பங்காக, ஒரு மாதம் கொடுத்தார்கள். இரண்டுமே நம் நெல், காய்கறி வயல்களில் சர்வசாதாரணமாகத் தெளிக்கப்படுபவை. தைராய்டு முதலில் குலைந்தது. அதைத் தொடர்ந்து மூளையின் தூண்டும் ஹார்மோன் குறைந்து, முன்னே சொன்ன தடுக்கும் ஹார்மோன் கூடி, விந்தகம் சுருங்கியது. 2017இல் வெளிவந்த இந்த ஆய்வை நம் நாட்டு வேளாண் துறையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஜப்பானில் குளோதியானிடின் என்ற பூச்சிக்கொல்லியைக் கொடுத்த ஆண் காடைகளின் விந்தணு உருவாகும் நுண்குழல்களில் வெற்றிடங்கள் தோன்றின, டி.என்.ஏ. சிதைந்த செல்கள் அளவுக்கேற்பக் கூடின. பி.சி.பி. தின்ற கெஸ்ட்ரல் வல்லூறுகளின் விந்தில் அணுக்களின் அடர்த்தி குறைந்ததை 1983இலேயே எழுதியிருக்கிறார்கள். தீத்தடுப்புப் பொருளான ஹெக்ஸாபுரோமோசைக்ளோடோடெக்கேன் கொடுத்த கெஸ்ட்ரல்களில் விந்தகத்தின் எடை கூடியது. எடை கூடினால் நல்லது என்று கொள்ள முடியாது. முதிர்ந்த பறவையில் நேரும் இத்தகைய கேடு, நஞ்சு நின்றால் ஓரளவு மீளக்கூடும். விந்தணு உருவாகும் ஒரு சுற்றுக்கு காடையிலும் கோழியிலும் இரண்டு வாரம் போதும். முட்டைக்குள் நேர்ந்த கேட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அளவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். பிஸ்ஃபீனால்-ஏ கோழி, காடை வளர்கருக்களில் விந்தகத்தைப் பாதிச் சூலகமாக மாற்றியது உண்மை. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு இயற்கையில் முட்டைகளில் இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே "தண்ணீர்ப் புட்டியால் பறவைகள் மலடாகின்றன" என்று எழுதுவோர் சான்றைத் தாண்டிப் போகிறார்கள். பாதரசம், டி.டி.ஈ., பி.சி.பி. ஆகியவற்றின் நிலை வேறு. சூழலில் உண்மையாகவே இருந்த அளவுகளில் அவை தீங்கு செய்தன. இந்தியாவில் வேளாண்மையில் டி.டி.டி. 1989இல் தடைசெய்யப்பட்டது, கொசு ஒழிப்புக்கு அதன் பின்னும் பயன்பட்டது, மண்ணில் அது பல பத்தாண்டுகள் நீடிக்கும். நம் பறவைகளின் உடலில் இத்தகைய எச்சங்களை அளக்கும் பணியைக் கோயம்புத்தூர் ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

கேள்வி கேட்டவர் சிட்டுக்குருவியைப் பற்றியும் கேட்டார். சிட்டுக்குருவிகள் குறைந்ததற்கு ஆண்களின் மலட்டுத்தன்மையே காரணம் என்று சொல்லும் சான்று எதுவும் இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காமையும் கூடு வைக்க இடுக்கு இல்லாமையும் வலுவான காரணங்கள். பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததும் ஹார்மோன் குலைப்பால் அன்று. கால்நடைக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. எல்லா அழிவையும் ஒரே காரணத்தில் ஏற்றினால் உண்மையான குற்றவாளி தப்பிவிடும்.

இனி அந்தக் கூமுட்டைகள். பொரியாத முட்டையெல்லாம் ஆணின் குறையால் பொரியாமல் போனவை என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டிம் பர்க்ஹெட், நிக்கோலா ஹெம்மிங்ஸ் ஆகியோர் வளர்த்தெடுத்த ஒரு முறை இதில் பெரிய தெளிவைத் தந்திருக்கிறது. பறவை முட்டைக்குள் ஒரு விந்தணு மட்டும் போவதில்லை, பல நுழைகின்றன, இன்னும் பல மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வில் சிக்கி நின்றுவிடுகின்றன. அந்தச் சவ்வை உரித்து, ஒளிரும் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் விந்தணுக்களின் தலைகள் நீலப் புள்ளிகளாக மின்னும். அவை துளைத்த ஓட்டைகளையும் எண்ணலாம். புள்ளிகளும் ஓட்டைகளும் இல்லையென்றால் குறை ஆணிடமோ இணைசேர்தலிலோ இருக்கிறது. நிறைய இருந்தும் பொரியவில்லையென்றால் முட்டை கருவுற்று, வளர்கரு முதல் ஓரிரு நாளிலேயே இறந்திருக்கிறது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கருவுறாதவை என்று எழுதப்பட்ட காட்டுப் பறவை முட்டைகள் பலவற்றை இப்படிச் சோதித்தபோது அவை உண்மையில் கருவுற்றிருந்தது தெரியவந்தது.

பண்ணையில் இதன் எளிய வடிவத்தைச் செய்யலாம். இட்ட அன்றே அடைக்கு வைக்காத சில முட்டைகளை உடைத்து, மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளியைப் பாருங்கள். ஒழுங்கான வட்டமாக, நடுவே தெளிந்து விளிம்பில் வெண்வளையத்தோடு இருந்தால் கருவுற்றது. சிறிதாக, அடர்ந்து, விளிம்பு ஒழுங்கின்றி இருந்தால் கருவுறாதது. கருவுறாதவை மிகுதி என்று தெரிந்தால், நஞ்சைச் சந்தேகிக்கும் முன் வழக்கமான காரணங்களைக் கழித்துவிடுங்கள்: ஆணின் வயது, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டைகளுக்கு மேல் இருப்பது, ஒரே வம்சத்துக்குள் பல தலைமுறை சேர்ப்பது, கோடை வெப்பம், வெளிச்சம் போதாமை, தீனியில் வைட்டமின்-ஈயும் செலினியமும் குறைவது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் சீராலெனோன் என்ற இயற்கை ஈஸ்ட்ரோஜன் நஞ்சு உண்டாகும். கோழியினப் பறவைகள் அதை ஓரளவு தாங்கினாலும் அப்படிப்பட்ட தீனியைத் தவிர்ப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் குறை நீடித்தால், கழிவாய்ச் சுரப்பி சிறுத்திருக்கும் ஆண்கள், பெட்டையை நாடாத ஆண்கள் எத்தனை என்று பாருங்கள். அவை எந்தத் தாய்க்கூட்டத்தின் முட்டைகளிலிருந்து வந்தவை, அந்தத் தாய்களுக்கு எங்கிருந்து தீனி வந்தது என்று விசாரியுங்கள். ஆய்வகத்துக்கு முட்டை அனுப்புவதாக இருந்தால் சவ்வுச் சோதனைக்குரியவற்றைக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். நஞ்சின் எச்சத்தை அளப்பதற்குரியவற்றை உறைய வைக்கலாம். ஆனால் அவற்றைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பையிலுள்ள தாலேட் முட்டையில் ஏறினால், கிடைக்கும் எண் உங்கள் பறவையின் கணக்காக இருக்காது.